பழுதாகும் கன்சோல்கள் ஏன் அதிகம் விற்கின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மாடி அறையில் வீடியோ கேம் கன்சோல்களைப் பழுதுபார்த்து வருகிறேன். கருவியைக் கழற்றி மேசையில் பரப்பியதும் எதிரே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: இத்தனை கோளாறு உள்ள பொருளை ஊர் உலகமெல்லாம் ஏன் வாங்குகிறது? பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோர் எரிச்சலோடு கேட்பார்கள். கல்லூரி மாணவர்களோ தாங்கள் வைத்திருக்கும் கன்சோலுக்கு வக்கீலாக நின்று கேட்பார்கள். கையில் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால், கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோளாறு உள்ள கன்சோல் போட்டியாளரைவிட அதிகம் விற்றது என்பது உண்மைதானா?

உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றையும் அளந்து சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2, வட்டைப் படிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்திக்குப் பேர்போனது. அது 15 கோடிக்கும் மேல் விற்றது. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சின் கன்ட்ரோலரில் (கையில் பிடித்து ஆடும் பகுதி), கை வைக்காமலே திரையில் கதாபாத்திரம் நகரும் குறை வழக்குகள் வரை சென்றது. அதுவும் 15 கோடியைத் தாண்டியது. எதிர்ப்பக்கத்தில், பிளேஸ்டேஷன் 2-க்குப் போட்டியாக 2001-இல் வந்த நின்டெண்டோவின் கேம்கியூப் தூக்கிச் செல்லக் கைப்பிடியுடன், எளிதில் உடையாத கட்டமைப்போடு வந்து, சுமார் 2.17 கோடியோடு நின்றுவிட்டது.

எக்ஸ்பாக்ஸ் 360-ஐ மட்டும் பலர் மிகைப்படுத்துகிறார்கள். அது பல ஆண்டுகள் முன்னிலையில் இருந்தது. அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 3-ஐ வென்றது. உலகக் கணக்கில் இறுதியாக பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடி, எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8.4 கோடி. எனினும் இந்த நெருக்கமே வியப்புக்குரியது. 2009-இல் அமெரிக்காவில் கூடுதல் வாரன்டி விற்கும் ஸ்கொயர்ட்ரேட் நிறுவனம், தன்னிடம் பதிவான 16,000-க்கும் மேற்பட்ட கன்சோல்களை ஆராய்ந்து, இரண்டு ஆண்டுக்குள் பழுதானவை எக்ஸ்பாக்ஸ் 360-இல் 23.7 சதவீதம், பிளேஸ்டேஷன் 3-இல் 10 சதவீதம், நின்டெண்டோவின் வீ கன்சோலில் 2.7 சதவீதம் என்று கூறியது. அந்தத் தலைமுறையில் அதிகம் விற்றதும் வீ கன்சோல்தான். ஆகவே கோளாறு இருந்தால்தான் விற்கும் என்ற கிண்டல் பொருந்தாது. ஏறக்குறைய நான்கில் ஒன்று பழுதாகும் கருவியும் பத்தில் ஒன்று பழுதாகும் கருவியும் கிட்டத்தட்டச் சமமாக விற்றது எப்படி என்பதுதான் விளக்கம் கேட்கும் இடம்.

அப்படியானால் வாங்குபவருக்குக் கோளாறு ஒரு பொருட்டே இல்லையா?

பொருட்டுதான். ஆனால் கோளாறு எப்போது கண்ணில் படுகிறது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் அதன் எடையைச் சொல்ல முடியாது.

கடையில் பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும் குறை, கன்சோலைக் கொன்றுவிடுகிறது. 1982-இல் வந்த அடாரி 5200-இன் ஜாய்ஸ்டிக், விரலை எடுத்தால் நடுநிலைக்குத் திரும்பாது. எடுத்து ஆடிய எவருக்கும் அது முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. 1995-இல் வந்த வர்ச்சுவல் பாய், சிவப்பும் கறுப்பும் மட்டுமே காட்டி, சற்று நேரத்தில் தலைவலியும் கொடுத்தது. அது 8 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2003-இல் வந்த நோக்கியா என்-கேஜ் கருவியில், கேமை மாற்றப் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேசுவதற்குக் கருவியின் ஓரத்தைக் காதில் வைக்க வேண்டும். கடைக்காரர் செய்து காட்டும்போதே வாடிக்கையாளர் சிரித்துவிட்டால், அந்தப் பொருள் அங்கேயே முடிந்தது.

வீட்டுக்குப் போய் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழிந்த பின் தலைகாட்டும் குறை வேறு வகை. அதற்குள் வாங்கியவரிடம் எட்டுப் பத்து கேம்கள் சேர்ந்திருக்கும். இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கியிருப்பார். பக்கத்து வீட்டுப் பையனோடு முடிக்கப்படாத போட்டி ஒன்று இருக்கும். அந்த நிலையில் கருவி நின்றுபோனால் அவர் கேட்கும் கேள்வி "எந்த கன்சோல் வாங்கலாம்" என்பதாக இருப்பதில்லை. "இதை எப்படிச் சரிசெய்யலாம்" என்றுதான் கேட்கிறார். என் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் சிவப்பு வளையம் என்பது என்ன? அவ்வளவு பெரிய கோளாறு வந்தும் அது எப்படித் தப்பியது?

முகப்பில் மின்விசைப் பொத்தானைச் சுற்றிப் பச்சையாக எரிய வேண்டிய வளையத்தில் நான்கில் மூன்று பகுதிகள் சிவப்பாக மின்னினால், உள்ளே வன்பொருள் செயலிழந்துவிட்டது என்று பொருள். 2005 நவம்பரில் வெளிவந்த இந்தக் கன்சோலில் வரைகலைச் சில்லு (கிராபிக்ஸ் சிப்) கடுமையாகச் சூடேறியது; அணைத்ததும் ஆறியது; மறுநாள் மீண்டும் சூடேறியது. பொருள்கள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரிகிறது. அந்த இழுபறியைப் பற்றவைத்த இணைப்புகள்தான் தாங்குகின்றன. ஈயம் கலக்காத பற்றவைப்புக்கு மின்னணுத் தொழில் மாறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய ஈயக் கலவை சற்று வளைந்து கொடுத்தது, புதியது விறைப்பானது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் இதை விளக்கியபோது, கொலுசிலும் பற்றவைத்த இடம்தான் முதலில் விடும் என்று ஒரே வரியில் புரிந்துகொண்டார்.

தப்பியதற்கு முதற்காரணம், அதைத் தயாரித்த மைக்ரோசாஃப்ட் செலவைத் தானே ஏற்றது. 2007 ஜூலையில் இந்தப் பழுதுக்கு மட்டும் வாரன்டியை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்காக 105 கோடி முதல் 115 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அப்போது எக்ஸ்பாக்ஸ் வணிகத்தை நடத்திய பீட்டர் மூர், இந்தத் தொகையைத் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் தயக்கமின்றி ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். என் பார்வையில், அந்தக் கன்சோலின் வரலாற்றில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த வணிக முடிவு அதுதான். கருவி பழுதானவர் அதைப் பெட்டியில் வைத்து அனுப்பினார். சில வாரங்களில் சரிசெய்தது திரும்பி வந்தது. எரிச்சல் இருந்தது, பணம் போகவில்லை. அடுத்த மூன்று மாதங்களுக்குள், 2007 செப்டம்பர் 25 அன்று, ஹேலோ 3 என்ற கேம் வெளிவந்து அமெரிக்காவில் ஒரே நாளில் 17 கோடி டாலருக்கு விற்றது. வாரன்டி ஜூலையில் கோபத்தைத் தணித்தது. கேம் செப்டம்பரில் கோபத்தையே மறக்கச் செய்தது.

மற்றொரு காரணம் எதிராளி. பிளேஸ்டேஷன் 3 ஓராண்டு தாமதமாக, அமெரிக்காவில் 499, 599 டாலர் விலைகளில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 தொடங்கியதோ 299, 399 டாலரில். நம் நாட்டிலும் அந்த இடைவெளி தெரிந்தது: 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 ஏறக்குறைய 24,000 ரூபாய்க்கும், 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 ஏறக்குறைய 40,000 ரூபாய்க்கும் அறிமுகமாயின. பழுதாகலாம் என்ற அச்சத்தின் விலை 16,000 ரூபாயை எட்டவில்லை என்று பலரும் கணக்குப் போட்டார்கள்.

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் சிவப்பு வளையம் சரியாகிவிடும் என்கிறார்களே?

சில நாள் ஓடும், பிறகு மீண்டும் நிற்கும். போர்டுக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள சிறு உருண்டைகளான பற்றவைப்புக் குண்டுகள்தான் விட்டுவிட்டன என்று எங்களைப் போன்றவர்கள் பல ஆண்டுகள் நம்பி, சூடு காட்டியும் புதிய குண்டுகள் வைத்தும் பார்த்தோம். 2021-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணத் தொடரில், முறிந்தவை பாகங்களுக்கு உள்ளேயே இருந்த இணைப்புகள் என்று அதன் பொறியாளர் விளக்கினார். உள்ளே விட்டதை வெளியிலிருந்து நிரந்தரமாக ஒட்ட முடியாது. கன்சோலை ஈரத் துண்டிலோ உலர்ந்த துண்டிலோ சுற்றி ஓடவிடும் வைத்தியத்தைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அது பழுதையும் நீக்காது, தீ அபாயமும் உண்டு.

முதல் பிளேஸ்டேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆடினார்கள் என்பது கதையா?

கதையன்று. 1994-இல் வந்த முதல் மாதிரிகளில் லேசர் அமைந்த இடம் மின்வழங்கிக்கு மிக அருகில் இருந்தது. அது ஓடும் தடம் பிளாஸ்டிக். சூட்டிலும் தேய்மானத்திலும் தடம் கோணியதும், லேசர் வட்டைச் சாய்வாகப் பார்த்தது. காட்சிகள் விட்டுவிட்டு ஓடின. கருவியைக் கவிழ்த்தாலோ பக்கவாட்டில் நிறுத்தினாலோ எடை வேறு பக்கம் இறங்கி, லேசர் மீண்டும் நேராகும். பின்வந்த மாதிரிகளில் லேசரை மின்வழங்கியிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

இப்படிக் கவிழ்த்து ஆடிய கன்சோல்தான் 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோ 64-இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அசையும் பாகமே இல்லாத கேசட் அது. ஆனால் அந்தக் கேசட்டின் கொள்ளளவு அதிகபட்சம் 64 மெகாபைட், ஒரு சி.டி.யினுடையதோ 650 மெகாபைட். கேசட் செய்ய நாளும் பணமும் அதிகம் பிடிக்கும், சி.டி.யைச் சில ரூபாயில் அச்சிடலாம். அதனால் கேம் உருவாக்கும் நிறுவனங்கள் இடம் பெயர்ந்தன. நின்டெண்டோ கருவிகளிலேயே வளர்ந்த ஃபைனல் ஃபேன்டசி கேம் வரிசையின் ஏழாம் பாகம் 1997-இல் மூன்று சி.டி.க்களில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. எளிதில் பழுதாகும் அந்த லேசர்தான் இத்தனை கேம்களையும் உள்ளே கொண்டு வந்தது. நின்டெண்டோ 64 விற்றது சுமார் 3.3 கோடி.

சிறு வயதில் கேசட்டை ஊதிச் சொருகினோமே, அதுவும் வடிவமைப்புக் குறைதானா?

ஆம். 1985-இல் அமெரிக்காவில் நின்டெண்டோ விற்கத் தொடங்கிய என்.ஈ.எஸ். கன்சோல், வீடியோ கேம் என்ற பேச்சையே கடைக்காரர்கள் வெறுத்திருந்த நேரத்தில் வந்தது; 1983-இல் அந்தத் தொழில் அங்கே சரிந்திருந்தது. எனவே வீடியோ டெக் போலத் தோன்றட்டும் என்று, கேசட்டை முன்பக்கம் செருகி அழுத்தும்படி செய்தார்கள். அந்த அமைப்பில் 72 முனைகள் கொண்ட இணைப்பி விரைவில் தளர்ந்தது. அதோடு, அனுமதி பெறாத கேசட்டைத் தடுக்க வைத்த பூட்டுச் சில்லு, தன் இணைச் சில்லின் பதில் கிடைக்காவிட்டால் கருவியை நொடிக்கொரு முறை மீள்துவக்கும். விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஊதுவதால் பயனில்லை, வாயின் ஈரம் உலோக முனைகளுக்குக் கேடு. கழற்றி மீண்டும் செருகியதுதான் வேலை செய்தது.

நம் ஊர் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். 9999 இன் 1 என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டில் பத்துப் பதினைந்து கேம்கள்தான் மாறி மாறி வரும். அவற்றில் பூட்டுச் சில்லும் இல்லை, முன்பக்க இணைப்பியும் இல்லை. ஆனாலும் ஊதுவதை நாம் விடவில்லை. அசல் கருவி, ஜப்பானிய வடிவத்தையும் சேர்த்து, 6 கோடிக்கும் மேல் விற்றது.

பிளேஸ்டேஷன் 2-இன் வெற்றிக்கு எதைக் காரணமாகச் சொல்வீர்கள்?

அது டி.வி.டி. படமும் ஓட்டியது. தனி டி.வி.டி. பிளேயர் விலை கூடுதலாக இருந்த நேரத்தில், "பையனுக்கு கேம், நமக்குப் படம்" என்று வீட்டில் நியாயம் சொல்ல முடிந்தது. கேம்கியூப் சிறிய வட்டைப் பயன்படுத்தியதால் படம் ஓட்டவில்லை. முந்தைய பிளேஸ்டேஷனின் வட்டுகளும் பிளேஸ்டேஷன் 2-இல் ஓடின. எனவே வாங்கும் நாளிலேயே பழைய சேமிப்பு முழுவதும் புதிய கருவிக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைப்பதில் பொருளில்லை. நகல் தடுப்பை ஏமாற்றும் சிப் போட்ட பிளேஸ்டேஷன் 2 நகல் வட்டுகளை ஏற்றது. அந்த வட்டுகள் மலிவாகக் கிடைத்தன. அது சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் ஒரு தலைமுறை இந்தக் கன்சோலோடு பழகியது அந்த வழியில்தான். 2009-இல் அனுமன் கதையை வைத்து இந்தியாவிலேயே உருவான கேம் ஒன்று இதற்கு வெளிவந்ததற்கும், அந்தப் பழக்கத்தால் பெருகிய வீடுகளே அடித்தளம் என்று நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், தரமற்ற நகல் வட்டுகளைப் படிக்கத் திணறியே பல லென்ஸ்கள் சீக்கிரம் தேய்ந்தன. ஆனால் பழி முழுவதும் கருவிக்குப் போனது.

என் மேசைக்கு வந்த லென்ஸ்களில் மற்றொரு உள்ளூர்க் காரணத்தையும் கண்டிருக்கிறேன். டி.வி. இருக்கும் அதே அலமாரியின் மேல்தட்டில் சாமி படங்கள் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவார்கள். கருவியின் விசிறி அந்தப் புகையை உள்ளே இழுத்து, லென்ஸின் மீது மெல்லிய பழுப்புப் படலமாகப் படியவிடும். துடைத்ததும் ஓடும்.

குறை என்று நாம் நினைப்பதே சில நேரம் பலமாக இருந்திருக்கிறதா?

இதற்கு 1989-இல் வந்த நின்டெண்டோவின் கைக்கருவியான கேம் பாயைவிடப் பொருத்தமான சான்று இல்லை. பாசிப்பச்சைத் திரை, பின்னொளி கிடையாது, வண்ணம் கிடையாது. மாலையில் விளக்கடியில் உட்கார்ந்தால்தான் தெரியும். மறு ஆண்டு சேகா நிறுவனம் கொண்டுவந்த கேம் கியர், பின்னொளியுடன் வண்ணத்தில் ஒளிர்ந்தது. ஆனால் அது ஆறு பென்சில் பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. பேட்டரி வாங்கிக் கொடுப்பவர் அப்பா என்பதை நினைவில் வைத்தால் மீதி விளங்கும். கேம் பாயை வடிவமைத்த குன்பே யோகோய், பழகித் தேய்ந்து விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதையே தம் கொள்கையாக வைத்திருந்தார். வண்ண வடிவத்தையும் சேர்த்துக் கேம் பாய் விற்றது 11.8 கோடிக்கும் மேல். கேம் கியர் சுமார் 1 கோடி.

மங்கலான திரை கடையிலேயே தெரியும் குறையாயிற்றே, என் முந்தைய பதிலுக்கு இது முரணாகாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் தெரிந்த குறைக்கு ஈடாகக் கடையிலேயே விலைக் குறைவும் தெரிந்தது என்பதுதான் பதில். அமெரிக்காவில் கேம் பாய் 90 டாலர், கேம் கியர் 150 டாலர். கூடவே டெட்ரிஸ் கேமும் பெட்டிக்குள் வந்தது.

ஸ்விட்ச் கன்ட்ரோலர் தானாக நகர்வது ஏன்? அத்தனை வழக்குகளுக்குப் பிறகும் விற்பனை குறையவில்லையே?

கட்டைவிரலால் தள்ளும் அந்தக் குச்சியின் அடியில், கார்பன் பூச்சுத் தடத்தின் மேல் சிறு உலோகக் கை உரசிக்கொண்டு நகர்கிறது. அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறுகிறது. உரசல் தடத்தைத் தேய்க்கும். தேய்ந்த தூள் அங்கேயே சேரும். பிறகு கையெடுத்தாலும் கருவி "யாரோ தள்ளுகிறார்கள்" என்றே படிக்கும். இந்த அமைப்பு ஸ்விட்ச்சுக்கு மட்டும் உரியதன்று. மற்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர்களிலும் இதே முறை உண்டு. ஸ்விட்ச்சின் கன்ட்ரோலர் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதால் குச்சியும் மிகச் சிறியது.

2019-இல் அமெரிக்காவில் வழக்குகள் தொடங்கின. அங்கே கட்டணமின்றிச் சரிசெய்து தரும் ஏற்பாடும் வந்தது. 2020 ஜூனில் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார். விற்பனை ஏன் குறையவில்லை என்றால், பழுதானது கன்சோல் அன்று, கழற்றி மாற்றக்கூடிய உறுப்பு. செருப்பின் வார் அறுந்தால் யாரும் காலை நொந்துகொள்வதில்லை. 2019-இல் வந்த ஸ்விட்ச் லைட்டில் குச்சி கருவியோடு ஒட்டியது. அதே குறை அங்கே இரட்டிப்பு வலியாகிறது, அதை வாங்க வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இலும் உரசல் இல்லாத காந்தவகைக் குச்சி வைக்கப்படவில்லை. முதல் நான்கு நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது.

பழுதானதால் மீண்டும் வாங்கியவர்களும் விற்பனைக் கணக்கில் சேர்கிறார்களா?

சேர்கிறார்கள், இதை யாரும் கவனிப்பதில்லை. நிறுவனம் சொல்லும் எண்ணிக்கை பெட்டிகளின் எண்ணிக்கை. வீடுகளின் எண்ணிக்கை அன்று. வாரன்டி முடிந்தபின் கெட்டுப்போன கன்சோலைத் தூக்கிப்போட்டு அதே மாதிரியை மீண்டும் வாங்கியவர் இரண்டு முறை எண்ணப்படுகிறார். அடிக்கடி கெடும் கருவிக்கு இது ஓரளவு எண்ணிக்கையை ஊதிக்காட்டும். அதன் அளவை எவராலும் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால், சில லட்சம் வித்தியாசத்தை வைத்து வெற்றி தோல்வி பேசுவதை நான் பொருட்படுத்துவதில்லை. கேம்கியூபுக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் இடையே உள்ளதுபோல ஏழு மடங்கு வித்தியாசம் என்றால், அது மறுமுறை வாங்கியவர்களால் வந்ததன்று.

நண்பர்கள் வைத்திருப்பதையே வாங்குகிறோம் என்பதுதான் உண்மையான காரணமோ?

பெரும்பங்கு அதுதான். அம்மாப்பேட்டையில் ஒரே தெருவில் நான்கு வீடுகளில் ஒரே கன்சோல் இருந்தால், நான்கு பேரும் ஆளுக்கொரு வட்டு வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது வீட்டுக்காரர் தொழில்நுட்பத்தில் சிறந்த வேறொன்றை வாங்கினால் அவர் தனியே ஆட வேண்டியதுதான்.

2013-இல் இந்தப் பழக்கத்தின் மீதே மைக்ரோசாஃப்ட் கை வைத்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும், பழைய வட்டுகளைக் கைமாற்றுவதில் கட்டுப்பாடு இருக்கும் என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஒருவர் வட்டை மற்றவரிடம் நீட்டுவதை மட்டும் காட்டும் சிறு காணொளியை வெளியிட்டு, பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அதைக் கேலி செய்தது. விலையிலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் 499 டாலருக்கு எதிராக பிளேஸ்டேஷன் 4-க்கு 399 டாலர். தொடக்க நாள்களில் பிளேஸ்டேஷன் 4-இலும் நீல விளக்கு மின்னி அணையும் பழுது இருந்தது. ஆனால் பேச்சு முழுவதும் எக்ஸ்பாக்ஸின் விதிமுறைகளைப் பற்றியே இருந்ததால் அது பெரிதாகவில்லை. இந்தியாவுக்கு பிளேஸ்டேஷன் 4 2014 ஜனவரியிலும், எக்ஸ்பாக்ஸ் ஒன் அதே ஆண்டு செப்டம்பரிலும் வந்தன. எட்டு மாதம் என்பது ஒரு தெரு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடப் போதுமான காலம்.

நிறுவனங்கள் வேண்டுமென்றே குறையோடு விற்கின்றனவா?

அப்படி நான் நினைக்கவில்லை. பல கன்சோல்கள் தொடக்கத்தில் அடக்கவிலைக்கும் குறைவாகவே விற்கப்படுகின்றன. ஒவ்வொரு கேமிலும் வரும் பங்கில்தான் ஆதாயம். பழுதாகிப் பெட்டியில் உறங்கும் கன்சோலுக்கு யாரும் கேம் வாங்கமாட்டார்கள். உண்மைக் காரணம் அவசரம். தீபாவளித் துணி தீபாவளிக்கு முன்பே கடைக்கு வர வேண்டும். அதுபோல அங்கே கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன் நவம்பரில் வந்தாக வேண்டும். சோதனைக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கேட்கும் பொறியாளர் அந்தக் கூட்டத்தில் தோற்றுப்போகிறார்.

தரமான கருவி தோற்றதற்கு வேறு காரணம் உண்டா?

சேகா டிரீம்காஸ்ட்டைப் பாருங்கள். 1998-இல் வந்தது, நல்ல கருவி. 2001 மார்ச்சில் உற்பத்தி நின்றது, விற்றது சுமார் 91 லட்சம். அதற்கு முன் 32எக்ஸ், சேட்டர்ன் என்ற கருவிகளை சேகா அடுத்தடுத்து வெளியிட்டுக் கைவிட்டதால், வாங்கியவர்கள் ஏமாந்திருந்தார்கள். கருவி பழுதாவதை மன்னித்த மக்கள், நிறுவனம் பாதியில் விட்டுச் செல்வதை மன்னிக்கவில்லை.

சேலத்து வெயிலில் பழுது அதிகம், ஏற்காட்டில் குறைவு என்பது சரியா?

பாதி சரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி கிடைக்கிறது, சித்திரை வெயிலில் அது பெரிய உதவி. ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். குளிர்ச்சியின் ஆதாயம் முழுவதும் கைக்குக் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி அறைக்குள்ளேயே வரும். அந்த ஈரம் மின் இணைப்புகளைப் பச்சை பிடிக்க வைக்கும். குளிர்ந்த கருவியை 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிக் கொண்டுவந்து உடனே இயக்கினால், உள்ளே வியர்த்திருக்கக்கூடும். இரண்டு மணி நேரமாவது பொறுத்து இயக்குங்கள்.

சேலத்தில் வெயிலைவிடப் பெரிய எதிரி துணி உறை. டி.வி.க்குப் பூவேலை செய்த உறை போடும் பழக்கத்தில் கன்சோலுக்கும் ஒன்று தைத்து, ஓடும்போதும் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அதிகம் விற்ற கன்சோலையே கண்ணை மூடி வாங்கலாமா?

அமெரிக்காவில் இருப்பவருக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனெனில் அங்கே பழுதின் செலவை நிறுவனம் ஏற்கிறது. இங்கே அந்தக் கணக்கு மாறுகிறது. ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கப்படாததால், துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கருவிக்கு அந்த இலவசப் பழுதுநீக்கம் கிடைக்காது; குச்சியை மாற்றும் செலவு உங்களுடையது. கேம்களுக்காக அதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய ரசீதோடு வாங்கிய கருவிக்கு இங்கேயே வாரன்டி கோரலாம். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் குறைகிறது என்று ரசீதில்லாமல் வாங்கி, பிறகு அதைவிட அதிகத்தை என்னிடம் கொடுத்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவி 110 வோல்ட்டுக்கு மட்டும் உரியதா என்று பின்பக்கத்தில் படித்துப் பார்க்காமல் நம் மின்னிணைப்பில் செருகவே கூடாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முன்பே சொன்னபடி, பத்து நிமிடத்தில் தெரியும் குறை கன்சோலையே கொன்றுவிடுகிறது; தப்பி நன்றாக விற்ற கருவிகளில் எஞ்சியிருக்கும் குறைகள் பெரும்பாலும் சூடேறிய பிறகே தெரியும். எனவே முகப்புத் திரையைக் காட்டியதும் பணத்தை எண்ண வேண்டாம். கனமான கேம் ஒன்றை ஏற்றி அரை மணி நேரம் ஓடவிட்டு, விசிறியின் ஒலி ஏறிக்கொண்டே போகிறதா என்று கேளுங்கள். பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள்; ஹீட் கன் காட்டி ஒப்பேற்றிய கருவி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். வட்டை இரண்டு முறை எடுத்துச் செருகிப் பாருங்கள். கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுத் திரையில் ஏதாவது நகர்கிறதா என்று கவனியுங்கள். திருகுகளின் மேல் ஒட்டிய முத்திரை கிழிந்திருந்தால், யார் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரத்தைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.